பந்தி பார்த்துப் போட்ட ஓட்டு

நீங்கள் நகர வேண்டாம் சார், எனக்கு இந்த இடமே போதும். இப்போது எழுந்து போனாரே ஒரு பெரியவர், அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூடுதலாக இருக்கும். என்னைப் பார்த்ததும் "உக்காருங்கய்யா" என்று எழுந்துகொண்டார். நான் கேட்கவே இல்லை. நான் யாரென்றுகூட அவருக்குத் தெரியாது. எங்கே போனாலும் இப்படித்தான். ரேஷன் கடையில் வரிசை தானாக விலகிவிடும். போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஒரு நர்சம்மா வணக்கம் வைத்து, "டாக்டர்ஸ் ரூம் மாடியில சார்" என்கிறார். வயிற்று வலியோடு போனவன் நான்!

எல்லாம் இந்த உயரம் சார். உயரமும் மீசையும். குரலும் கனமாக அமைந்துவிட்டது.

பெயர் சொர்ணலிங்கம். நெடுங்கரை ஊராட்சித் தலைவர். இது இரண்டாவது தடவை. வேண்டாம், வாழ்த்தெல்லாம் வேண்டாம். இந்த இரண்டாவது தடவை எப்படி வந்தது என்று கேட்டால் நீங்கள் வாழ்த்த மாட்டீர்கள். நீங்கள் வெளியூர்தானே? எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லையே? அப்படியென்றால் சொல்லலாம். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன். காரணம் இருக்கிறது.

என் தொழில் பந்தி விசாரிப்பது. சமையல் இல்லை, சார். சமையலுக்கு மாஸ்டர் தனியாக உண்டு. பரிமாற ஆட்கள் உண்டு. நான் பந்திக்கு நடுவில் நடப்பேன். "மூணாவது இலைக்குச் சாம்பார்", "மாமாவுக்கு அப்பளம்", "இங்க ரசம் கேட்டு எவ்வளவு நேரமாச்சு?" அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவாக இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் இருபத்து மூன்று வருஷமாக என்னைத்தான் கூப்பிட்டார்கள். "லிங்கம் நின்னா ஒரு இலை விட்டுப்போகாது" என்பார்கள். உண்மைதான். விட்டுப்போனதில்லை. கிழக்குத் தெருக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். அவர்களுக்குக்கூடச் சாதமும் ரசமும் கட்டாயம் இருக்கும். ஏன் கடைசியில் என்று கேட்கிறீர்களா? யாரும் சொல்வதில்லை சார், அவர்களாகவே அப்படித்தான் உட்காருவார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது. 'தெரியாது' என்கிற வார்த்தை. "பாயசம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், இருக்கிறதோ இல்லையோ, "வந்துக்கிட்டே இருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். விசாரிக்கிறவன் முகம் லேசாக மாறினாலும் போதும், பந்தியே எழுந்து அடுப்படிக்கு வந்துவிடும். என் முகம் ஒருநாளும் மாறியதில்லை.

எங்கள் ஆட்களில் சின்னக்கண்ணு என்று ஒருத்தி. கிழக்குத் தெரு. சாப்பிட்டு எழுந்ததும் இலை எடுப்பது அவள் வேலை. அவளுக்கு ஒரு பழக்கம். எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாள். எத்தனை இலை எடுத்தோம், எந்தக் கறியை மிச்சம் வைத்திருக்கிறார்கள், வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று எல்லாவற்றையும் எண்ணுவாள். பிறகு அடுப்படி மூலையில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்ணே, இன்னும் அரை மூட்டை போடணும்" என்பாள். நான் திரும்பி, "மாஸ்டர், அரை மூட்டை அரிசி போடுங்க!" என்று சத்தம் கொடுப்பேன். சரியாக இருக்கும். "லிங்கத்துக்குக் கண்ணுதான் படி" என்பார்கள். அவள் சொல்வாள், வாஸ்தவம். ஆனால் முடிவெடுப்பது நான்தானே?

ரைஸ் மில் வீட்டுக் கல்யாணம்தான் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கியது. எண்ணூறு பேருக்குச் சமைத்தோம். ஆயிரத்து நூறு பேர் வந்துவிட்டார்கள். மூன்றாவது பந்தி உட்கார்ந்த பிறகு அண்டாவைப் பார்த்தால் அடி தெரிகிறது. மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வேறு அந்தப் பந்தியில். அப்போது சின்னக்கண்ணு வந்து, "பாயசத்தை முன்னாடி விடுங்கண்ணே. அப்பளத்தை ரெண்டு தடவை சுத்த விடுங்க. உலை கொதிச்சிருச்சு, இருவது நிமிஷம் போதும்" என்றாள். எனக்கும் அதேதான் தோன்றியிருக்கும் சார். அவள் முந்திக்கொண்டாள். நான் பந்திக்கு நடுவில் போய் நின்று, கையைத் தூக்கி, "இன்னைக்குச் சம்பந்தி வீட்டுக்கு இனிப்புதான் மொதல்ல!" என்று சொன்னேன். கை தட்டினார்கள்! சாதம் தீர்ந்தது ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தக் கல்யாணம் முடிந்து மூன்றே வாரத்தில் ஊராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். தலைவர் பதவிக்குச் சதாசிவம் நிற்பதாக இருந்தது. தாசில்தார் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எந்த மனுவை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஆள் ஒல்லி. பேசும்போது கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருப்பார். போதாததற்குக் கோயில் அன்னதானத்தில் ஆசைப்பட்டுச் சாம்பார் வாளியைத் தூக்கி, கால் இடறிக் கொட்டிவிட்டார்.

டீக்கடையில் பேச்சைக் கேட்க வேண்டுமே.

"ஒரு வாளியைத் தூக்கத் தெரியல, இவரு ஊரைத் தூக்குவாராக்கும்."

"தலைவருன்னா பாத்தாத் தெரியணும்ப்பா. சதாசிவத்தைப் பாத்தா எனக்கே சில்லறை குடுக்கணும்போல இருக்கு."

"ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவன், ஆயிரத்தி முந்நூறு ஓட்டைக் கட்டி மேய்க்க மாட்டானா? லிங்கத்தை நிப்பாட்டுங்கய்யா."

யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை சார். ஊராட்சிக்கு எத்தனை கிணறு, எத்தனை மோட்டார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "பார்த்துக்கலாம்" என்றிருப்பேன். அதையும் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் போயிருப்பார்கள். நானூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். கிழக்குத் தெரு வார்டு உறுப்பினராகச் சின்னக்கண்ணு வந்தாள்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. செயலாளர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் வந்தால், முன்னால் போய் நின்று, "வந்துக்கிட்டே இருக்கு" என்பேன். நான் சொல்கிற தோரணையைப் பார்த்துப் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் போவதற்குள் சில நாள் உண்மையிலேயே தண்ணீர் வந்துவிடும்.

பிறகு அந்தத் தொட்டி. கிழக்குத் தெருவில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, நான் சின்னப் பையனாக இருந்தபோது கட்டியது. நாலு தூண். அதை ஒட்டினாற்போல அங்கன்வாடி. தொட்டிக்கு அடியில் பொதுக்குழாய். காலையில் அறுபது குடம் வரிசையில் நிற்கும். சின்னக்கண்ணு கூட்டத்தில் எழுந்து, "தூண்ல சிமிட்டி உதிர்ந்து கம்பி தெரியுது தலைவரே. போன மாசம் மூணு கம்பி தெரிஞ்சது, இப்ப ஏழு தெரியுது" என்றாள். நான் "பார்த்துக்கலாம்" என்றேன். பூசிவிட்டு வெள்ளையடிக்கச் சொன்னேன். பளிச்சென்று ஆகிவிட்டது. ஊரே பாராட்டியது. அடுத்த கூட்டத்தில் அவள், "பூச்சுக்கு மேலயே விரிசல் ஓடுது. பிள்ளைகளையாவது சமுதாயக் கூடத்துக்கு மாத்துங்க" என்றாள். சமுதாயக் கூடத்தில் என்னுடைய அண்டா குண்டான் எல்லாம் இருந்தது. திடீரென்று எங்கே தூக்கிக்கொண்டு போய் வைப்பது, சொல்லுங்கள்?

ஆனால் அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போது மேலே பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். அடுப்படி மூலையில் நின்று சொல்கிறவள் இப்போது எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்கிறாள். அதை எப்படிச் சார் நான் திருப்பிச் சத்தம் போட்டுச் சொல்வது? சொன்னால், அவள் சொன்னது என்று ஆகிவிடாதா?

ஐந்து வருஷம் முடிந்தது. அப்பாடா என்று இருந்தேன். ஊர்க்காரர்கள் வேன் வைத்து என்னை அழைத்துப் போய் மறுபடியும் மனுத் தாக்கல் செய்ய வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். "தலைவருக்கு அடக்கத்தைப் பாரு" என்றார்கள். எதிர்த்து ஒரே ஒரு மனு. சின்னக்கண்ணு.

ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "இலை எடுக்கிறவளா?" "பேசினா பக்கத்துல இருக்கிறவனுக்கே கேக்காது, இவ கலெக்டர்கிட்டப் பேசுவாளாம்." "நாலடி உசரம், சேர்ல உக்காந்தா கால் தரையில எட்டாது." அவள் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணினார்கள். நான் பார்த்திருக்கிறேன் சார், ஆயிரத்து நூறு பேருக்குச் சாதம் பற்றவில்லை என்றபோது அந்த முகம் எப்படி இருந்தது என்று. இந்த ஊரில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் ரைஸ் மில் வீட்டுக் கல்யாணத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் நான் யார்? பந்திக்கு நடுவில் நடந்தவன். அவ்வளவுதானே?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வாபஸ் வாங்குவதற்குக் கடைசி நாள் மாலை மூன்று மணி வரை நேரம் உண்டு. நான் வாபஸ் வாங்கிவிட்டால் அவள் போட்டியில்லாமல் வந்துவிடுவாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தொட்டியை அவள் பார்த்துக்கொள்வாள். யாரும் யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு சீப்புப் பழமும் சோப்புப் பெட்டியும் வாங்கிக்கொண்டேன். அங்கேதான் தப்பு நடந்தது என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்தில், எதிர்த்து நிற்கிறவர் வீட்டுக்கு வாபஸ் நாளுக்கு முந்தின நாள் பழத்தோடு போனால், 'விட்டுக் கொடு' என்று கேட்கப் போவதாக அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் மனதில் குழந்தைதான் இருந்தது. நான் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் பின்னாலேயே இருபது பேர் வந்துவிட்டார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். 'நீயே இரு, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்' என்று சொல்லத்தான் போனேன். இருபது பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். வாயில் வந்தது என்ன தெரியுமா?

"இது லேசுப்பட்ட வேலை இல்ல சின்னக்கண்ணு. ஆபீசர்ங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நாலு ஆபீசுக்கு அலையணும். தூக்கம் போயிரும்."

என் கஷ்டத்தைச் சொன்னேன் சார். மனசிலிருந்து சொன்னேன். அவள் பழத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தாள், எண்ணுகிற மாதிரி. "சரிண்ணே" என்றாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வந்துவிட்டேன்.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும்போது மணி இரண்டு இருக்கும். வாபஸ் படிவம் சட்டைப் பையில், கையெழுத்துப் போட்டுத் தயாராக. உள்ளே நுழைந்ததும் கிளார்க் எழுந்து கும்பிட்டார். "வாழ்த்துகள் தலைவரே! அந்தம்மா காலையிலேயே வாபஸ் வாங்கிட்டாங்க. மூணு மணி ஆச்சுன்னா நீங்க போட்டியில்லாமத் தேர்வு. சர்டிபிகேட் வாங்கத்தானே வந்தீங்க?"

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது சார். ஒரு மணி நேரம்! படிவம் பையில் இருக்கிறது. எடுத்து நீட்டினால் முடிந்தது. ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். "எனக்கு இந்த வேலை தெரியவில்லை" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த ஆபீசில் மொத்தம் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, சர்டிபிகேட்டுக்குத்தான்" என்றேன்.

டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து அந்த முள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்பதுக்கு ஊர்க்காரர்கள் லோடு வண்டியில் மாலையோடு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு யார் போன் பண்ணினார்களோ. மாலையைப் போட்டபோது அது படிவம் இருந்த பையின் மேலேயே விழுந்தது. எடுக்க வேண்டுமென்றால் மாலையை விலக்க வேண்டும். எப்படி சார் விலக்குவது?

அடுத்த நாள் காலையில் சின்னக்கண்ணு என் வீட்டுக்கு வந்தாள். "எதுக்கு வாபஸ் வாங்குனே?" என்று கேட்டேன்.

"எண்ணிட்டேன்ணே. நூத்தி எழுவத்தாறு ஓட்டு. அதுக்கு மேல ஒண்ணுகூட வராது. தோத்துட்டு வந்து தொட்டியைப் பத்திப் பேசுனா, தோத்தவ வயித்தெரிச்சல்ல பேசுறாம்பாங்க. விட்டுக்குடுத்துட்டு வந்து கேட்டா, நீங்க கேட்டுத்தான் ஆகணும். இன்னைக்கே சமுதாயக் கூடத்தைக் காலி பண்ணுங்க."

பாருங்கள், என்மேல் எவ்வளவு நம்பிக்கை. அன்றைக்கே அண்டாவையெல்லாம் என் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். பிள்ளைகள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். "தலைவர் ஜெயிச்ச மறுநாளே பிள்ளைகளைக் காப்பாத்திட்டாரு" என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் வாபஸ் வாங்கத்தான் போனேன் என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

குழாய் மட்டும் இன்னும் தொட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு வேறு குழாய் இல்லை. தொட்டியை இடிக்க மேலிடத்து உத்தரவு வேண்டும், மழைக்காலத்துக்குள் வேண்டும். அதற்காகப் போன மாதம் இதே பஸ்ஸில் வந்தோம். அவள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறாள். எந்தத் தேதியில் எத்தனை கம்பி, எந்தத் தூணில் எத்தனை விரிசல், போட்டோக்கள், எல்லாம். வாசலில் பியூன், "தலைவர் மட்டும் வாங்க. அம்மா, நீங்க வெளியில இருங்க" என்றான். கோப்பை வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். போய்விட்டேன்.

உள்ளே மூன்று ஆபீசர்கள். எழுந்து நின்று கை கொடுத்தார்கள். "நிலைமை எப்படித் தலைவரே, கட்டுக்குள்ள இருக்கா?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர். வாய் தானாகச் சொல்லிவிட்டது சார். "எல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் என் கையிலிருந்த மனுவை வாங்கி, அதன் மேல் என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? 'தலைவரின் நேரடிக் கண்காணிப்பில் உள்ளது. அவசரமில்லை.'

வெளியே வந்ததும் சின்னக்கண்ணு அதைப் படித்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இப்ப பதினொரு கம்பிண்ணே" என்றாள்.

இன்றைக்கு மறுபடியும் போகிறோம். ஆமாம் சார், போகிறோம். திரும்பிப் பார்க்காதீர்கள். கடைசி சீட்டுக்கு முன் சீட்டில், மடியில் நீலக் கோப்போடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கண்டக்டர் அவளைப் பின்னால் போகச் சொல்லிவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன விஷயம்தானே.

ஏறுவதற்கு முன்னால் அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "உள்ள போனதும் வேற எதுவும் பேசாதீங்க. 'எனக்குப் பயமா இருக்கு'ன்னு மட்டும் சொல்லுங்க. அதைச் சொன்னா அவங்களுக்கும் பயம் வரும். பயம் வந்தா கையெழுத்துப் போடுவாங்க." அவ்வளவுதான் சார், மூன்று வார்த்தை. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருக்கிற ஆள் அப்படிச் சொல்கிற ஆளாக இல்லை.

அதோ பாலம் வந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்தான். ஒரு உதவி செய்வீர்களா? நீங்கள்தான் அந்த ஆபீசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் இருங்கள்.

"சார், எனக்குப் பயமா இருக்கு. அந்தத் தொட்டி விழுந்திரும். காலையில அறுபது பொம்பளைங்க அதுக்கு அடியில நிக்கிறாங்க. எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டேன்! எனக்கே நம்ப முடியவில்லை, முழுசாகச் சொல்லிவிட்டேன். வேர்த்துவிட்டது, பாருங்கள்.

ஏன் சார் சிரிக்கிறீர்கள்?

இல்லையில்லை, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னது? என்னைப் பார்த்தால் பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லையா? எப்படியும் சமாளித்துவிடுவேனா?

இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதானே சார் வந்தீர்கள்!

சரி, விடுங்கள். நீங்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். ஸ்டாப் வந்துவிட்டது. கூட்டம் எனக்கு வழி விடுகிறது, பாருங்கள். கண்டக்டர் "ஐயா முன்னாடியே எறங்கட்டும், எல்லாரும் ஒதுங்குங்க" என்கிறார். கோப்பு பின்படி வழியாக இறங்குகிறது. இவர்கள் என் கையைப் பிடித்து முன்படியில் இறக்கி விடுகிறார்கள். வருகிறேன் சார்.